குப்பைக்குக் காசு கொடுக்கிறோம், கணக்கைக் கொடுங்கள்

பெங்களூரில் சொத்து வரியை ஏப்ரல் மாதத்திலேயே முழுதாகக் கட்டிவிட்டால் ஐந்து சதவீதம் தள்ளுபடி. அதனால் சொந்த வீடு வைத்திருக்கிறவர்கள் பலரும் அந்த மாதத்தைத் தவற விடுவதில்லை. 2025 ஏப்ரலில் அப்படிக் கட்ட உட்கார்ந்தபோது, வழக்கமான தொகையோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: திடக்கழிவு மேலாண்மைப் பயனர் கட்டணம். வீட்டின் பரப்பளவை வைத்துத் தொகை. 600 சதுர அடி வரைக்கும் மாதம் 10 ரூபாய். 1,000 சதுர அடி வரை 50, 2,000 வரை 100, 3,000 வரை 150, 4,000 வரை 200, அதற்கும் மேலே போனால் 400. எங்கள் வீடு ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக மாதம் நூறு, பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,200 ரூபாய்.

அந்த வருடத் தொடக்கமே இங்கே அப்படித்தான் இருந்தது. ஜனவரியில் பஸ் கட்டணம், பிப்ரவரியில் மெட்ரோ, ஏப்ரல் பிறந்ததும் நந்தினி பால் லிட்டருக்கு நாலு ரூபாய், அப்புறம் குடிநீர். அந்த வரிசையில் குப்பையும் வந்து சேர்ந்ததும் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கொதித்துப்போனார்கள். சின்னக் கட்டடம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். லிஃப்ட் ரிப்பேருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டாலே மூன்று நாள் வாக்குவாதம் நடக்கிற குழுவில் இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. “கட்டாதே” என்ற கட்சி.

நான் அந்தக் கட்சியில் இல்லை. ஏன் இல்லை என்பதையும், அதே சமயம் இந்தக் கட்டணத்தை ஏன் கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டணம் என்கிற விஷயம். “குப்பை அள்ளுவது அரசாங்கத்தின் கடமை, அதற்கு எதுக்குத் தனியாகக் காசு?” என்று கேட்கிறவர்கள் நிறைய. ஆனால் மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. குப்பையை உருவாக்குகிறவர் உள்ளாட்சி நிர்ணயிக்கும் பயனர் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று அப்போதே அதில் இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அதே விதிகள்தான். சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், இந்த ஊரில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை சுமார் 5,000 டன். அது வாசலிலிருந்து ஆட்டோ டிப்பருக்கு ஏறி, ஆட்டோவிலிருந்து குப்பையை அழுத்தி அடைக்கும் காம்பாக்டர் லாரிக்கு மாறி, ஊரைத் தாண்டி உரக்கூடத்துக்கோ பழைய கல்குவாரிக்கோ போய்ச் சேர வேண்டும். டீசல், வண்டி, ஆள், எல்லாம் காசுதான். எங்களிடம் வாங்காவிட்டாலும் வேறு எங்கிருந்தாவது எடுத்துத்தான் செலவழிப்பார்கள்.

அதனால் நூறு ரூபாய் அதிகமா குறைவா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் மாதம் நூறு ரூபாய் கொடுக்க முடியும். அந்த நூறு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது, அது யார் கைக்குப் போகிறது, யாரைக் கேட்டு அதைப் போட்டார்கள் என்பவைதான் என் கேள்விகள்.

மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பழைய வரி ரசீதுகளை வருடவாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். அவற்றை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். “இங்க பாரும்மா, குப்பைக்குன்னு செஸ் ஏற்கெனவே இருக்கு. இத்தனை வருஷமா கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். அது என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லட்டும்.” நியாயமான பேச்சு. சொத்து வரியோடு சேர்த்து, வீடுகளுக்கு மாதம் பத்து, முப்பது, ஐம்பது என்ற கணக்கில் ஒரு செஸ், அதாவது கூடுதல் வரி, பல வருடங்களாகவே வசூலாகி வந்தது. அந்தப் பணத்தில் எத்தனை வண்டி ஓடியது, எவ்வளவு குப்பை உரமானது, எவ்வளவு குவாரியில் கொட்டப்பட்டது என்று ஒரு பக்கக் கணக்காவது வரி கட்டுகிறவர் கையில் வந்து சேர்ந்ததா? எங்கள் தெருவில் யாருக்கும் வரவில்லை. இப்போது அதைவிடப் பெரிய தொகை. கேட்பதற்கு முன்னால் பழைய கணக்கை வைத்திருந்தால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கியிருக்கும்.

புதுத் திட்டமும் இல்லை இது. 2020 கடைசியில் வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் என்று ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே கிடப்பில் போட்டார்கள். இங்கே மட்டும் இல்லை, அதே 2020 டிசம்பரில் சென்னையிலும் மாநகராட்சி வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. சென்னையில் இருக்கும் என் தங்கை அப்போது “தப்பிச்சோம்” என்றாள். யாரும் தப்பிக்கவில்லை. இரண்டு ஊரிலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் அது. என்ன முறையில் வாங்குவது, கணக்கை எப்படிக் காட்டுவது, பிரித்துக் கொடுக்கிறவருக்கு என்ன சலுகை என்று எதையும் பேசாமல் தள்ளிப்போட்டார்கள். இங்கே அது நாலு வருடத்துக்கு மேல் கழித்து வரி ரசீதில் வந்து நின்றது.

இனி எனக்கு மிகவும் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். பரப்பளவு.

வீடு எத்தனை சதுர அடி என்பதற்கும் அந்த வீட்டிலிருந்து எவ்வளவு குப்பை வெளியே வருகிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தெருமுனையில் 2,500 சதுர அடிப் பழைய வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். தோட்டத்திலேயே குழி வெட்டிக் காய்கறித் தோலையும் இலையையும் போட்டு மூடிவிடுவார். வாரத்துக்கு ஒரு சின்னப் பை உலர் குப்பை வெளியே வந்தால் அதிகம். அவருக்கு மாதம் 150. பக்கத்திலேயே 900 சதுர அடி வீட்டில் ஆறு பேர், தினமும் ஆன்லைனில் ஏதாவது வந்து இறங்கும், அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் வழியும். அவர்களுக்கு 50. சிறிய வீட்டுக்குக் குறைந்த கட்டணம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம், ஏழைக் குடும்பங்கள் சிறிய வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பத்து ரூபாய் என்பதுகூட வேண்டாம் என்பேன். ஆனால் பிரித்துக் கொடுத்தாலும் நூறு, மொத்தமாக ஒரே பையில் கட்டி எறிந்தாலும் நூறு என்றால் எதற்காகப் பிரிக்க வேண்டும்? இந்த ஊரில் தரம் பிரிப்பதைப் பழக்கப்படுத்தப் பத்து வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2012-இலேயே வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015-இல் ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவுக்கு இன்னொரு தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை என்று அளவுகோலே வகுத்துக் கொடுத்தது. இத்தனையும் செய்துவிட்டு, பணம் என்று வரும்போது பிரிப்பவரையும் பிரிக்காதவரையும் ஒரே தட்டில் வைத்தால், இத்தனை வருடப் பாடும் வீண்தானே.

காலையில் ஆட்டோ வரும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் தெருவுக்கு வரும் ஆட்டோவில் ஓட்டுநர் ஒருவர், உதவியாளராக ஒரு பெண். அந்தப் பெண் கோலார் பக்கத்து ஊர்க்காரர், தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் பேசுவார். வாசலுக்கு வாசல் வாளியை வாங்கி ஆட்டோவுக்குள் கவிழ்ப்பதோடு அவர் வேலை முடிவதில்லை. கவிழ்ப்பதற்கு முன்னால் கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். சாம்பார் வழியும் பிளாஸ்டிக் கவரை இழுத்து ஓரமாகத் தொங்கும் சாக்கில் போடுவார். பால் கவரைத் தனியாக ஒரு பையில் சேர்ப்பார், அதற்கு விலை உண்டு. முட்டை ஓடும் டீத்தூளும் கலந்த குப்பைக்கு நடுவே குழந்தையின் டயப்பர் ஒன்று கிடந்தது. அதையும் எடுத்தார். கையுறை ஒரு கையில்தான் இருந்தது, அதிலும் பெருவிரல் கிழிந்திருந்தது. “பேப்பர்ல சுத்தி ஒரு செகப்புக் கோடு போட்டுக் குடுத்தாப் போதும்மா, கைய விடாம எடுத்துருவேன்” என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

2025 மேயில், தொழிலாளர் தினத்தன்று, 12,692 பௌரகார்மிகர்களுக்குப் பணி நிரந்தர ஆணை கொடுத்தார்கள். வீதி கூட்டுகிறவர்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது அது, மனதார மகிழ்ந்தேன். ஆனால் வாசலில் வந்து குப்பை வாங்கும் ஆட்டோ ஓட்டுநர்களும் உதவியாளர்களும் ஒப்பந்தத்தில் ஓடுகிறவர்கள். நான் கட்டும் 1,200 ரூபாயில் அந்தக் கிழிந்த கையுறைக்கு எவ்வளவு? எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஒருவர், “அது கான்ட்ராக்டர் பிரச்சினை மேடம், நமக்கு எதுக்கு” என்றார். கட்டணம் கொடுக்கிறவர்கள் நாம்தான், நமக்குத்தான் அந்தப் பிரச்சினை. விலை கொடுத்து ஒரு சேவை வாங்கும்போது அதைச் செய்கிறவர் எந்த நிலையில் செய்கிறார் என்று கேட்கிற உரிமையும் சேர்ந்தே வருகிறது.

புனேயில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களின் கூட்டுறவு அமைப்பு ‘ஸ்வச்’. 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிறது. வீடுகள் கொடுக்கும் மாதக் கட்டணம் நேராக அந்தத் தொழிலாளி கைக்குப் போகிறது. வரவில்லை என்றால் கேட்கலாம், பிரித்துக் கொடுக்காவிட்டால் அவரும் நம்மைக் கேட்பார். பெங்களூரிலும் உலர் கழிவு சேகரிப்பு மையங்கள் பலவற்றை முன்பு தெருவில் குப்பை பொறுக்கியவர்களே நடத்துகிறார்கள், அதற்குப் பின்னால் ‘ஹசிரு தளா’ போன்ற அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அனுபவம் இருக்கிறது.

தென் கொரியா வரை போனால் இன்னும் நேரடியான வழி. 1995-இலிருந்து அங்கே கலந்த குப்பைக்குத் தனிப்பை, அந்தப் பையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நிறையக் குப்பை போட்டால் நிறையப் பை, நிறையப் பை என்றால் நிறையக் காசு. மறுசுழற்சிக்குப் போகும் பொருளைப் பிரித்துக் கொடுத்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. உணவுக் கழிவுக்கும் பல இடங்களில் எடை போட்டுக் கட்டணம். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது எனக்கும் தெரியும், பைக்குக் காசு என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி மனையில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். ஆனால் குறைத்தால் குறையும், கூட்டினால் கூடும் என்கிற அந்தத் தொடர்பு கொஞ்சமாவது வேண்டும். வீட்டிலேயே உரம் போடுகிறவருக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தாலே போதும், எங்கள் தெருவில் பத்து வீட்டு மொட்டைமாடியில் உரத்தொட்டி வந்துவிடும்.

பெரிய அடுக்ககங்களின் கோபம் தனி. நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை வரும் வளாகங்களை 2016 விதிகள் மொத்தமாகக் குப்பை உருவாக்குவோர் என்று தனியே வைத்தன. அவர்கள் உள்ளேயே உரம் போட வேண்டும், இல்லை தனியாருக்குப் பணம் கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டும். அப்படி மாதாமாதம் தனியாருக்குக் கொடுக்கிறவர்களின் வரி ரசீதிலும் இந்தக் கட்டணம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? மாநகராட்சி வண்டி அந்த வாசலுக்கு வருவதே இல்லை. வராத வண்டிக்குக் கட்டணமா என்று அவர்கள் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. வாடகைக்கு இருக்கிறவர்கள் நிலைமை இதற்கு நேரெதிர். ரசீது வீட்டுக்காரர் பெயரில். மெயின்டனன்ஸ் என்று நூறு இருநூறு கூடும், எதற்குக் கூடியது என்று தெரியாது, கேட்கவும் முடியாது.

சரி, குடியிருப்போர் பக்கம் மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. “எங்க வாசல்ல இருந்து போயிட்டா சரி” என்பதுதான் பல வருடங்களாக நம் எல்லோருடைய குப்பைக் கொள்கை. அது போய்ச் சேர்ந்த ஊர்களுக்கும் பெயர் உண்டு. வடக்கே மாவள்ளிபுரா. கிணற்றுத் தண்ணீர் கெட்டு, ஊர்க்காரர்கள் போராடி, 2012-இல் கிடங்கை மூட வைத்தார்கள். அப்போது நகரத்தில் தெருவெல்லாம் குப்பை மலை, வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூடச் செய்தி. அதன் பிறகு சுமை முழுவதும் மண்டூர் தலையில். பழைய மெட்ராஸ் ரோட்டில் அந்த லாரிகளின் பின்னால் போனவர்களுக்குத் தெரியும், கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், கண்ணாடியை ஏற்றினாலும் நாற்றம் உள்ளே வந்துவிடும். வழியில் போகிற நமக்கே அப்படி என்றால் அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு? 2014-இல் மண்டூர்க்காரர்களும் சாலையில் இறங்கினார்கள், அந்த வருடக் கடைசியில் அங்கே கொட்டுவது நின்றது. பிறகு பெல்லஹள்ளி குவாரி, அதற்குப் பிறகு மிட்டகானஹள்ளி குவாரி. 2025 மார்ச்சில் அந்தப் பக்கம் லாரிகள் தடைபட்டு நின்றபோது சில நாளிலேயே நகரம் திணறிப்போனது. அடுத்த மாதமே புதுக் கட்டணம்.

அந்த ஊர்கள் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் நம்முடைய 1,200 ரூபாய் ஒன்றுமே இல்லை. அதனால்தான் “கட்டாதே” என்ற குரலோடு என்னால் சேர முடியவில்லை. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் இந்தப் பணம் குவாரியில் கொட்டுவதற்கே திரும்பப் போய்ச் சேருமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. வசூலான பணத்தில் குவாரிக்குப் போகும் அளவு வருடத்துக்கு வருடம் குறைகிறது என்று காட்டினால் இருநூறு கேட்டாலும் கொடுப்பேன்.

யாரிடம் கேட்பது என்பதுதான் கடைசிச் சிக்கல். பெங்களூர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் இந்தக் கட்டணம் வரும் வரைக்கும் தேர்தல் நடக்கவில்லை. ஆக அப்போது கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. மன்றத்தில் விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. அதிகாரிகள் முடிவு செய்தார்கள், அரசு ஒப்புதல் கொடுத்தது, ரசீதில் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே கலைந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. பெயர்ப்பலகை மாறியது. தெருவில் குப்பை ஆட்டோ வரவில்லை என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்த காலம் ஒன்று உண்டு, கவுன்சிலர் வீட்டு வாசல். அவர் செய்தாரோ இல்லையோ, அடுத்த தேர்தலில் நம் ஓட்டு வேண்டும் என்ற பயமாவது அவருக்கு இருந்தது. உள்ளூரில் ஒரு கட்டணத்தைப் போடுகிறவர், ஏற்றுகிறவர், அந்த ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவராக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எங்கள் கட்டடத்தில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி, எல்லோரும் கட்டணத்தைக் கட்டினோம், கூடவே வார்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தோம். வங்கி அதிகாரிதான் எழுதினார், கன்னடத்தில் நான் சரிபார்த்தேன். கோரிக்கை என்று நீட்டி முழக்காமல் கேள்விகளாகவே எழுதினோம். எங்கள் வார்டிலிருந்து இந்தக் கட்டணமாக எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு எங்கள் வார்டிலேயே செலவானது? எங்கள் தெருக் குப்பையில் ஈரக் குப்பை எந்த உரக்கூடத்துக்குப் போகிறது, கலந்த குப்பை எங்கே போகிறது? வீட்டில் உரம் போடுகிறவருக்குக் கட்டணத்தைக் குறைக்க என்ன வழி? ஆட்டோவில் வருகிறவர்களுக்குக் கையுறையும் காலணியும் யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்? முப்பது நாளில் பதில் இல்லை என்றால் இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுவது என்று முடிவு. கூடவே, டயப்பரையும் நாப்கினையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம். அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

உங்கள் தெருவிலும் இதைக் கேட்க நினைக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள். கடிதத்தின் கன்னட வடிவமும் தமிழ் வடிவமும் இருக்கிறது, அனுப்புகிறேன். பெயரையும் வார்டு எண்ணையும் மாற்றிக்கொண்டால் போதும். வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்க் கட்டண விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.